கதவு வரும் இடம்

அக்காவுக்கு ஆட்களைக் காணாமல் ஆக்கத் தெரியும். கல்யாண வீடியோ கடையில் பதினாறு வருடமாக எடிட்டிங் வேலை. மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்று முறைத்த சித்தப்பா, குடித்துவிட்டு ஆடிய மச்சான், கல்யாணம் முடிந்த கையோடு சண்டை போட்டுக்கொண்டு போன மூத்த மருமகள் என்று யாரையாவது தூக்கச் சொல்லி வாரம் ஒரு குடும்பம் வந்து நிற்கும். அக்கா தூக்கித் தருவாள். அந்த இடத்தில் கை தட்டும் கூட்டமோ, பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு குழந்தையோ வந்து உட்கார்ந்திருக்கும். மருமகள் அந்தக் கல்யாணத்துக்கு வந்தாளா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும்.

"வெட்டுனது யாருக்கும் தெரியக் கூடாது" என்பது அக்காவின் தொழில் பெருமை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போன வசனம் அது. காதைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, நான் வேலை செய்வது காது பரிசோதனை நிலையத்தில்.

நாளாக ஆக, வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே அவள் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். "இந்தப் பெரியப்பா மூஞ்சி சரியில்ல. எப்படியும் எடுக்கச் சொல்லுவாங்க." சொல்வதற்கு முன்னாலேயே பெரியப்பா போய்விடுவார். கடை முதலாளிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு பிரதி என்று அவர் வழக்கமே ஆக்கிவிட்டார். எல்லாம் இருக்கும் பிரதிக்குப் பெயர் 'வீட்டுக்கு'. சுத்தம் செய்த பிரதிக்குப் பெயர் 'ஊருக்கு'.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா பயந்தாங்கொள்ளி. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் என்னிடம் நீட்டுவாள். முத்திரை குத்திய கவர் வந்தால் இரண்டு நாள் பிரிக்க மாட்டாள். நானும் பெரிய வீராங்கனை இல்லை. ஆனால் என் பயம் முகத்தில் தெரியும், அவளுடையது கைவேலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படிப்பட்டவள் ஒரு படம் எடுத்தாள்.

கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அன்று கேமராவை எடுத்துக்கொள்ள முதலாளி ஒத்துக்கொண்டார். நானும் என் விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டேன். அவள் கேமரா, நான் மைக். நான்கு வருடம், ஊரே வேலை பார்க்கும் நாளில் நாங்கள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி ஒரு பெண்ணின் பின்னால் அலைந்தோம். எங்களுக்குக் கீழ் வீட்டில் இருப்பவள். சட்டைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகக் காலர் மட்டும் தைக்கிறாள். அதனால் அவளை எல்லோரும் 'காலர்' என்றே கூப்பிடுவார்கள். தன் வாழ்நாளில் ஒரு முழுச் சட்டை தைத்ததில்லை என்பதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். படமே அதுதான்: காலர் எழுந்திருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வாயாடுகிறாள், கழுத்து வலியோடு திரும்பி வருகிறாள்.

தொழிற்சாலைக்குள் எடுக்க அனுமதி வாங்கிக் கொடுத்தவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். நூல், பட்டன், துணி எல்லாம் அவர் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து தொங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் படியேறும்போது காலடிக்கு முன்னால் சாவிச் சத்தம்தான் வீட்டுக்குள் வரும். அதைக் கேட்டு அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள். மேனேஜரிடம் அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்று, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கேமரா வைக்கலாம் என்று கேட்டு வாங்கினார். அத்தான் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், அது ஒன்றுதான் அவரிடம் கோளாறு.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு பின்கதவு இருக்கிறது. தீப்பிடித்தால் ஓடுவதற்கென்று வைத்த கதவு. அதன் மேல் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வழியாகத் துணி திருட்டுப் போகிறது என்று சொல்லி, வேலை நேரத்தில் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே இருநூறு பெண்களுக்கு மேல். போன வருடம் ஒருநாள் இஸ்திரி மேஜையில் துணி புகைந்து, அறை முழுக்கப் புகை. காலரும் மற்றவர்களும் அந்தக் கதவுக்கு ஓடியிருக்கிறார்கள். சாவி வருவதற்குள் தீயை அணைத்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவாகிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காலியான தையல் கூடத்தை எடுக்கலாம் என்று கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஓடவிட்டுவிட்டு, நாங்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம். சோம்பேறித்தனத்தில் நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. வாயில் கவளத்தை வைத்தபோது காதில் சங்கிலி உரசியது. அதற்குப் பின்னால் சாவிச் சத்தம். ஆறு மணிக்கு எங்கள் வீட்டுப் படியில் கேட்கும் அதே சத்தம்.

வீட்டில் போட்டுப் பார்த்தோம். திரையில் கூடத்தின் அந்தப் பின்கதவு, அதை நோக்கி நீளும் ஒரு முழுக்கைச் சட்டையின் கை. கட்டைவிரலில் பிளாஸ்திரி. காலையில் நான்தான் அதை ஒட்டிவிட்டிருந்தேன். கை சங்கிலியைச் சுற்றுகிறது, பூட்டை மாட்டுகிறது, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறது, போய்விடுகிறது. கொஞ்ச நேரம் வெறும் கதவு. பிறகு சாப்பிட்டு முடித்த காலர் வருகிறாள். கேமரா ஓடுவது அவளுக்குத் தெரியாது. சங்கிலியைப் பிடித்து அவளும் ஒருதரம் இழுத்துப் பார்க்கிறாள். விடுகிறாள். போய் மெஷின் முன்னால் உட்காருகிறாள். மொத்தம் நாற்பது விநாடி.

காலரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் சிரிக்கவில்லை. அவளைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"இது ஒண்ணு போதும்டி" என்றாள். "மத்ததெல்லாம் இல்லாட்டியும் பரவாயில்ல."

"உனக்கு வேலை போயிட்டா?" என்று அக்கா கேட்டாள்.

"பயம் இல்லாம இல்ல. ஆனா அன்னிக்குப் புகையில நின்னப்ப இருந்த பயத்துக்கு இதெல்லாம் எந்த மூலைக்கு?" படியிறங்கும்போது திரும்பி, "கை யாருதுன்னு நான் பாக்கல. கதவைத்தான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அக்கா அந்த நாற்பது விநாடியை வெட்டினாள்.

"கதவு வர்ற இடம் கொஞ்சம் இழுக்குது" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"இழுக்குதா? யாரு உன்ன வெட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன்?"

"சொல்லுவாங்க" என்றாள்.

நான் கத்தினேன். நாலு வருடம் வெயிலில் மைக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற தோள்வலியும் சேர்ந்து கத்தியது. அவள் கதவு இருந்த இடத்தில் தையல் மெஷின் ஊசி ஓடும் காட்சியை வைத்தாள். வழக்கம்போல வெட்டினது தெரியவே இல்லை. பழக்க தோஷம், படத்துக்கும் இரண்டு பிரதி. கதவோடு இருந்தது 'வீட்டுக்கு'. கதவில்லாதது 'ஊருக்கு'. அத்தானிடம் இரண்டைப் பற்றியும் மூச்சு விடவில்லை.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திரையிடல். எண்பது நாற்காலி. முன் வரிசையில் காலர், அவளோடு தைக்கும் பதினைந்து பெண்கள். எல்லோரும் விசேஷத்துக்கு வந்த மாதிரி உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் என்னைக் கூப்பிட்டு, "கதவு எத்தனாவது நிமிஷத்துல வரும்? இவளுங்க கேட்டுக்கிட்டே இருக்காளுங்க" என்றாள். "வரும், வரும்" என்று மழுப்பிவிட்டு அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அத்தான் உள்ளே வந்தார். முகமெல்லாம் பல். அவருக்குப் பின்னால் தொழிற்சாலை மேனேஜர்.

"சார் தானா வர்றேன்னாரு!" என்று அத்தான் எங்கள் காதருகே குனிந்து சொன்னார். "நம்ம படத்துல பயப்பட என்ன இருக்கு, வாங்க சார்னு கூட்டிட்டு வந்துட்டேன்."

அக்காவின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. ஐஸ் கட்டி மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் என் காதில், "நல்லவேளை வெட்டினேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கையை உதறியிருக்க வேண்டும். உதறவில்லை. எனக்கும் நல்லவேளை என்றுதான் தோன்றியது, அதுதான் அசிங்கம்.

நூலகச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். இது ஓர் உண்மையான சுயாதீனப் படம் என்றார். இதற்குப் பின்னால் எந்த நிறுவனமும் இல்லை, எந்தத் தயாரிப்பாளரும் இல்லை, இதை இப்படி எடு, அதை அப்படி வெட்டு என்று சொல்ல ஒருவரும் இல்லை என்றார். கூட்டம் கை தட்டியது. மேனேஜரும் தட்டினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். செயலாளர் பொய் சொல்லவில்லை. சொல்ல ஒருவரும் இல்லைதான். சொல்லாமலே வெட்ட வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

விளக்கு அணைந்தது, படம் ஆரம்பித்தது. காலர் அலாரத்தைத் திட்டிக்கொண்டு எழுந்ததும் கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் கொஞ்சம் மூச்சு விட்டேன். இரண்டாவது நிமிடத்தில் புரொஜக்டர் ஓட்டுகிறவர் குனிந்தபடி எங்கள் வரிசைக்கு வந்தார்.

"மேடம், பென் டிரைவ்ல ரெண்டு ஃபைல் இருந்துச்சு. பெருசா இருந்ததைப் போட்டுட்டேன். அதானே முழுப் படம்?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். குண்டைத் தூக்கிப் போட்டது அவருக்குத் தெரியாது. கடையில் கல்யாணத்தை ஒப்படைப்பது போல, அக்கா ஒரு ஃபைலுக்குப் பதிலாக ஃபோல்டரையே நகல் எடுத்திருக்கிறாள். பதினாறு வருடக் கை தானாகச் செய்த வேலை.

கதவு வருவது முப்பத்தோராவது நிமிடத்தில்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இடது பக்கம் இரண்டு நாற்காலி தள்ளி அத்தான், அவருக்கு அந்தப் பக்கம் மேனேஜர். முன்னால் காலரும் பெண்களும். படம் சிரிக்கச் சிரிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் நாங்கள் அந்த நிமிடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தோம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு காட்சிகளை எண்ணினாள். பஸ் வந்தது. தொழிற்சாலை வாசல் வந்தது. நூல் மாட்டுவது வந்தது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அவள் விருட்டென்று எழுந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

கூடத்தின் பின்பக்கம் மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறை. உள்ளே புரொஜக்டர் சூடும் தூசி வாசனையும். அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த இன்னொரு ஃபைல்..." என்றாள்.

"மாத்தணுமா மேடம்? இப்பவே சொன்னா மாத்திடலாம். அதே இடத்துலருந்து தொடரும். யாருக்கும் தெரியாது."

யாருக்கும் தெரியாது. அவளுடைய வசனத்தையே அவர் அவளிடம் நீட்டினார். அக்கா பலகையிலிருந்த சதுர ஓட்டை வழியாகக் கூடத்தைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். முன் வரிசையில் காலர் பக்கத்துப் பெண்ணின் முழங்காலைத் தட்டி, விரலால் திரையைக் காட்டிக்கொண்டிருந்தாள். இப்போ வரும் பார் என்கிற மாதிரி. அந்தப் பக்கம் அத்தானின் பின்னந்தலை. சிரிப்பு வரும்போதெல்லாம் மேனேஜர் சிரிக்கிறாரா என்று அது திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மாற்றிவிடு என்று என் வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. வெட்டியதற்குக் கத்தியவள் நான்தான்.

"மாத்தணுமா மேடம்?"

"வேணாம்" என்றாள். அவ்வளவு சின்னக் குரல், அவர் மறுபடி கேட்டார். "வேணாம், ஓடட்டும்."

நாற்காலிக்குத் திரும்பவில்லை. பின்சுவரில் சாய்ந்தபடியே நின்றோம்.

படத்துக்கு முன்னால் சத்தம் வந்தது. நான் எடுத்த சத்தம். சங்கிலி, பிறகு சாவி. கூடத்தின் பெரிய ஸ்பீக்கரில் அது எங்கள் வீட்டுப் படியில் கேட்பதைவிடப் பத்து மடங்கு பெரிதாகக் கேட்டது. இருட்டில் அத்தானின் கை சட்டென்று தன் இடுப்புக்குப் போனது. சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது. அதற்குள் திரையில் அந்தக் கை வந்துவிட்டது. கட்டைவிரலில் பிளாஸ்திரி. தினமும் அந்தக் கதவைப் பூட்டுவது யார் என்று முன் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால்கூட அத்தானுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மேனேஜர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

படம் முடிந்ததும் அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அத்தான், "எனக்கு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்தான்" என்றார்.

"நீங்க வேணாம்னு சொன்னா நான் சந்தோஷமா கேட்டிருப்பேன். அந்தப் பயம்தான்" என்று சொல்லி அக்கா அழுதாள். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஊரார் முன்னால் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது? பயந்தவர்கள் செய்யும் நல்ல காரியம் கடைசி நிமிடத்தில்தான் நடக்கிறது, பக்கத்தில் இருப்பவர்கள் மேல் இடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

திங்கட்கிழமை அத்தான் வழக்கம்போல வேலைக்குப் போனார். அக்கா காய்ச்சல் என்று கடைக்குச் சொன்னாள், நான் அவளுக்குக் காய்ச்சல் என்று என் நிலையத்துக்குச் சொன்னேன். இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதினொன்றரைக்கு அது அடித்தது. தெரிந்த நம்பர்தான், ஆனாலும் அக்கா என்னிடம் நீட்டினாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

அத்தானின் குரல் தாழ்ந்து வந்தது. மேனேஜருடைய அறைக்கு வெளியே நின்று பேசுகிறாராம்.

"கோபமே படல. படம் ரொம்ப நல்லாருக்குன்னாரு. நம்ம எல்லா கிளையிலயும் போட்டுக் காட்டலாம், பெரிய ஆளுங்கள்லாம் பாப்பாங்கன்னு சொல்றாரு."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு" என்றார் அத்தான். "கதவு வர்ற இடம் கொஞ்சம் இழுக்குதாம்."

அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறவில்லை. மேனேஜரும் அக்காவும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி.

"பதில் கேட்டுட்டு வரச் சொல்லியிருக்காரு. என்ன சொல்லட்டும்?"

"அது இருக்கும்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

போனுக்குள் தூரத்தில் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"எனக்குப் பயமா இருக்கு" என்றார் அத்தான்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. காலையிலேருந்து தண்ணிகூட இறங்கல."

"சரி. கூப்பிடுறாங்க, போறேன்." போன் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு மதியம் முழுக்க ஒரு தகவலும் இல்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுக்கவில்லை. காலரும் எடுக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துவிட்டு அப்படியே மூடி வைத்தோம். அக்கா கம்ப்யூட்டரைத் திறந்து 'ஊருக்கு' ஃபைலின் மேல் கையை வைத்தாள், அழிக்கவில்லை, மூடிவிட்டாள். மறுபடி திறந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான்கரை மணிக்கு அழித்தாள்.

ஆறு மணி ஆயிற்று. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாவிச் சத்தம் வரவில்லை. ஆறு ஐந்து ஆயிற்று. வரவில்லை. பிறகு திடீரென்று வாசலில் ஆள் நின்றது. படியேறும் சத்தத்தை நான் அத்தானுடையது என்று நினைக்கவே இல்லை. வெறும் காலடிச் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதே.

அக்கா அவருடைய இடுப்பைப் பார்த்தாள்.

"புடுங்கிட்டாங்களா?"

"இல்ல." அவர் சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். "அது இருக்கும்னு சொல்லிட்டு, மேஜை மேல வெச்சுட்டு வந்துட்டேன். நாளையிலேருந்து லாரி லோடு இறக்குற பக்கம் வரச் சொல்லியிருக்காங்க. கதவை வேற யாராவது பூட்டுவாங்க."

"அவங்க கேட்டாங்களா, சாவியை?"

"யாரும் கேக்கல" என்றார் அத்தான்.